திருநெல்வேலியைத் தேடினால் புளிக்குழம்பும் வருகிறது

"அண்ணாச்சி, நீங்க தந்த ஸ்கிரிப்ட்ல திருநெல்வேலின்னு தேடினா எல்லா ஃபைலும் வருது. புளிக்குழம்புக் குறிப்பு கூட!" பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் போனில் சிரித்தார். தப்பு என்னுடையது என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மென்பொருள் கையேடுகளைத் தேடுவதற்காக பைத்தான் என்ற நிரல்மொழியில் நான் எழுதிய அறுபது வரி நிரல் அது. நெட் இல்லாதபோது உதவுமே என்று நாலைந்து பேருக்குப் பென்டிரைவில் கொடுத்தேன். இவர் அதைத் தன் தமிழ்க் குறிப்புகளின் மேல் ஓட்டிவிட்டார்.

வேலை எளிதுதான். இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று சொல்லடைவு இருக்குமல்லவா? நிரலும் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படித்து அப்படி ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் தேடும்போது கோப்புகளைத் தொடுவதே இல்லை. அடைவில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் கோப்புகளின் பட்டியல் இருக்கும்; பல சொற்கள் கொடுத்தால் அவற்றின் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும் கோப்புகளை மட்டும் காட்டும். முதல் தடவை நாலு நிமிடம் ஃபேன் இரைவதும், அடுத்த தடவை கண் இமைப்பதற்குள் பதில் வருவதும் இதனால்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்கு இதில் பங்கில்லை.

சரி, ஒரு சொல் எங்கே முடிகிறது? 'எழுத்தும் எண்ணும் தொடரும்வரை ஒரே சொல்' என்று சொல்ல பைத்தானில் ஒரு குறியீடு உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ 'தி' என்பது கணினிக்கு இரண்டு சரக்கு: முதலில் த, பிறகு அதன் விலங்கு. இந்த விலங்கு, கொம்பு, மெய்யின் புள்ளி எதையுமே ஒருங்குறி (யூனிகோட், எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொது அட்டவணை) 'எழுத்து' வகையில் சேர்க்கவில்லை. அவை 'குறி' வகை. அதனால் ஒவ்வொரு கொம்பைக் கண்டதும் சொல் முடிந்தது என்று பைத்தான் வெட்டிவிடுகிறது. திருநெல்வேலி என்ன ஆனது தெரியுமா? த, ர, ந, ல, வ, ல. இந்தத் துண்டுகள் இல்லாத தமிழ்க் கோப்பு ஏது? வெந்தயம் போட்ட புளிக்குழம்பும் மாட்டிக்கொண்டது.

ஒருங்குறியில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் எது வந்தாலும் சொல்லின் பகுதியே என்று ஒரு வரியை மாற்றினேன், ஊர் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் திருநெல்வேலியிலேயே இருக்கும் கொக்கிரகுளத்தின் பெயர் வம்பு செய்தது. 'கொ'வின் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் கொம்பு பின்னால் கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, அடைவுக்கு வேறு வேறு ஊர். அவற்றை ஒருமைப்படுத்தும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது, பிழைத்தேன்.

வேற்றுமை உருபுதான் மிச்சம். திருநெல்வேலிக்கு, திருநெல்வேலியில் என்பவற்றைத் தொடக்கத்தை வைத்துப் பிடித்துவிடலாம். குளம் 'குளத்தில்' ஆகும்போது மகரமே காணாமல் போகிறது. இதற்கு வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கும் நல்ல கருவி வேண்டும். மொழி விழாக்களின் பந்தல் செலவில் ஒரு பங்கை அந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன என்பது என் கட்சி.

இப்போதைக்கு 'குள' என்று மட்டும் தேடச் சொல்லியிருக்கிறேன். குளவியும் வருகிறதாம், குளிரும் வருகிறதாம்.