கேட்கீப்பிங்: வாயிற்காவலா, வாயில் மறிப்பா?

ஒரு துறைக்குள் யார் வரலாம், எது வரலாம் என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தீர்மானிப்பதே கேட்கீப்பிங். மென்பொருள் எழுதுவோர் பேச்சில் இதன் பொருள் இன்னும் சுருங்கிவிட்டது: புதிய நிரல்மொழியையோ, அதைக் கற்றுக்கொண்டு வருபவரையோ வாசலிலேயே நிற்கவைப்பது. சென்னையின் ஐடி வட்டாரத்தில், தரமணி முதல் சிறுசேரி வரை அலுவலகப் பேச்சில் 'சும்மா கேட்கீப் பண்றாருப்பா' என்றால் இதுதான். 'பாயின்டர் தெரியாதவன்லாம் புரோகிராமரா?', 'ஜாவாஸ்கிரிப்ட்லாம் ஒரு லாங்குவேஜா?' ஆகியவை அதன் பழகிப்போன வசனங்கள்.

ரயில்வே கேட்டை மூடித் திறக்கும் கேட்கீப்பரை நாம் வெகுகாலமாக அறிவோம். அந்தச் சொல்லைச் சமூகவியலுக்குக் கொண்டுபோனவர் உளவியலாளர் கர்ட் லெவின். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களின் உணவுப் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று அவர் ஆராய்ந்தார். கடை, தோட்டம் என்று எந்த வழியில் வந்தாலும், சாப்பாட்டு மேசைக்கு எது போகும் என்பதைப் பெரும்பாலும் இல்லத்தரசிதான் முடிவு செய்தார்; அவரே அங்கே கேட்கீப்பர். 1950இல் டேவிட் மேனிங் ஒயிட் இதே சொல்லை, வந்து குவியும் செய்திகளில் எதை அச்சிடுவது என்று பொறுக்கும் நாளிதழ் ஆசிரியருக்குப் பொருத்தினார். இரண்டு இடத்திலும் சொல்லில் வசவு இல்லை. வசவு பிற்பாடு ஏறியது.

சொல் கணினித் துறைக்கு வருமுன்பே செயல் அங்கே இருந்தது. ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை வெளியிட்டபோது, அசெம்பிளியில் (எந்திர மொழிக்கு மிக நெருக்கமான மொழியில்) கைதேர்ந்தவர்கள் நம்பவில்லை: கம்பைலர் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தரும் நிரல் கையால் எழுதியதன் வேகத்துக்கு வருமா? இது நியாயமான சந்தேகம். ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளக்கூடியது. அந்தச் சந்தேகத்தை முறியடிக்கவே குழு வேக மேம்பாட்டில் அவ்வளவு உழைத்தது. இதற்கு நேர்மாறானது 1975இல் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா எழுதியது: பேசிக் என்ற எளிய நிரல்மொழியைக் கற்ற மாணவருக்கு நல்ல நிரலாக்கம் சொல்லித்தருவது கிட்டத்தட்ட இயலாது என்றார். மொழியைக் குறைசொல்ல வந்தவர் கற்றவரின் மூளையைக் குறைசொல்லிவிட்டார். எவ்வளவு பெரிய மேதை சொன்னாலும் அது கேட்கீப்பிங்தான்.

சி மொழியில் எழுதிய லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் உட்கருவில்) ரஸ்ட் என்ற புதிய மொழி நுழைந்ததும் (2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு) நியாயமான சந்தேகமும் கேட்கீப்பிங்கும் கலந்து எழுந்தன. சி பக்கத்தில் ஒரு ஃபங்ஷனை மாற்றினால், அதன்மேல் எழுதிய ரஸ்ட் உறையை யார் திருத்துவது? கர்னல் ஓடும் எல்லாச் சிப் வகைகளுக்கும் ரஸ்ட் கம்பைலர் உண்டா? இவை பராமரிப்பவர் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். 'என் பகுதியில் எந்நாளும் வேண்டாம்' என்பதில் கேள்வியே கிடையாது.

நம்மூர் நடைமுறைக்கு வருவோம். ஜாவாவிலேயே வளர்ந்த அணியில் கோட்லின் (ஜாவாவோடு கலந்து எழுதக்கூடிய புதிய மொழி) பேச்சை எடுத்தால் 'முதல்ல ஜாவாவ ஒழுங்கா கத்துக்கோ தம்பி' என்று ஒரு குரல் வரும். அது ஆளைப் பற்றியது. பதில் சொல்ல இடமில்லை. 'லாம்பாக் உடைஞ்சிடும்' என்று இன்னொருவர் சொல்வார். லாம்பாக் என்பது கெட்டர், செட்டர் (மதிப்பை எடுக்கவும் வைக்கவும் எழுதும் சிறு மெத்தட்கள்) போன்ற வழக்கமான ஜாவா நிரலைத் தானே உண்டாக்கும் கருவி. அவரை உட்காரவைத்துக் கேளுங்கள், அவர் சொல்வது சரி. இரு மொழியும் கலந்த மாட்யூலில் (நிரலின் ஒரு பகுதியில்) கோட்லின் கம்பைலர் முதலில் ஓடி ஜாவா மூலக்கோப்புகளைப் படிக்கிறது; லாம்பாக்கோ பிறகு ஓடும் ஜாவா கம்பைலரின்போதுதான் கெட்டர், செட்டர்களை உண்டாக்குகிறது. அதனால் இல்லாத கெட்டரைத் தேடி கோட்லின் பிழை காட்டும். லாம்பாக் பயன்படுத்தும் கிளாஸ்களைத் தனி மாட்யூலுக்கு நகர்த்தினால் அவை முன்னதாகவே கம்பைல் ஆகிவிடும். அல்லது அந்த கெட்டர்களைக் கையால் எழுதிவிடலாம். கோட்லினின் லாம்பாக் பிளக்இன்னும் உண்டு. 'கோட்லின்லயும் நல் பாயின்டர் வருதே' (மதிப்பே இல்லாத null-ஐப் பயன்படுத்தும்போது வரும் பிழை) என்பதும் பாதி உண்மை. ஜாவா மெத்தடில் null வருமா வராதா என்று சொல்லும் குறிப்பு (அனோட்டேஷன்) இல்லாவிட்டால், வருவது null-ஆ இல்லையா என்று கோட்லினுக்குத் தெரியாது. கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது விழும். ஜாவா பக்கத்தில் அனோட்டேஷனைச் சேர்த்துவிட்டு மாற்றத் தொடங்குங்கள்.

ஆக, மறுப்பவரிடம் ஒன்று கேட்டால் போதும்: 'எது சரியானா ஒத்துக்குவீங்க?' பட்டியல் வந்தால் அது ரிவியூ. 'எதுவுமே வேணாம்' என்றால் கேட்கீப்பிங்.

தமிழில் என்ன சொல்வது? இல்வாய் என்பதுதான் இலக்கணப்போலியாக முன்பின் மாறி வாயில் ஆனது. காப்பவன் வாயிலோன். அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவையார் 'வாயிலோயே' என்று விளித்துப் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. ஆனால் அந்த வாயிலோன் வேலைக்காரன், முடிவு அரசனுடையது. லெவின் சொன்ன நடுநிலைப் பொருளுக்கு 'வாயிற்காவல்' நன்றாகப் பொருந்தும். மட்டந்தட்டித் தடுப்பதைச் சொல்ல அது போதாது. காவல் என்ற சொல்லில் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு 'வாயில் மறிப்பு' சரி. வினையாக, 'புதுசா வர்றவங்கள வாயில் மறிக்காதீங்க'. 'மறியல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொழிற்சாலை வாசலில் கொடியோடு உட்கார்ந்திருக்கும் சங்கத்தார்தான் வாசகர் நினைவுக்கு வருவார்கள்.