கம்பி கழன்றுவிடுமோ என்ற பயம்

இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் நிறுத்தும் ஐ.சி.டி.யோ பொருத்திக்கொண்டு முதல் மறுபரிசோதனைக்கு வருபவர்களிடம், தையலைப் பார்ப்பதற்கு முன் தோளைத்தான் பார்ப்பேன். பலரும் கருவி இருக்கும் பக்கத்துக் கையை விலாவோடு ஒட்டிவைத்து, தோளை முன்புறம் குறுக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். சட்டைப் பொத்தானை மறு கையால் தடுமாறிக் கழற்றுவார்கள். வலிக்கிறதா என்று கேட்டால், "வலி ஒன்றும் இல்லை டாக்டர், அசைத்தால் கம்பி கழன்றுவிடுமோ என்றுதான்..." என்று இழுப்பார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இடம் செய்து கருவியை வைக்கிறோம். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி சிரை வழியாக இதயத்துக்குள் சென்று உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. நுனியைச் சுற்றித் திசு வளர்ந்து இறுகச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள்வரை அந்தக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தவும் கனம் தூக்கவும் வேண்டாம் என்கிறோம். தோள் மட்டத்துக்குக் கீழே கையைத் தாராளமாக அசைக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் தடை மட்டும் மனத்தில் தங்குகிறது, அனுமதி தங்குவதில்லை. கையைக் கட்டிப்போட்டதுபோல் வைத்திருப்பவருக்குத் தோள்மூட்டு இறுகிவிடும். இதயம் சீராகத் துடிக்கிறது, தலை வாரக் கை எழவில்லை என்ற நிலையில் வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. தவிர்த்திருக்கக்கூடிய வலி அது.

முதல் வாரங்களில் கவனிக்க வேண்டியவை வேறு. கருவியின் மேல் தோல் சிவந்து சூடாவது, வீக்கம் கூடுவது, தையலில் நீர் கசிவது, காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் கையில் கிடைத்த மாத்திரையைப் போட்டுப் பார்க்காமல், கருவி பொருத்திய மருத்துவமனைக்கே செல்லுங்கள். கிருமி கருவியில் படிந்துவிட்டால் மாத்திரையால் மட்டும் போகாது. கருவியையும் கம்பியையும் வெளியே எடுக்க நேரும். பழைய தலைச்சுற்றல் திரும்பினாலும், நிற்காத விக்கல் வந்தாலும் கம்பி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுச் சாதனங்களைப் பற்றித்தான் நிறையக் கேள்விகள் வருகின்றன. சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள், மார்புப் பையில் வேண்டாம், எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள். காந்தம் பொருத்திய உறைகளையும் ஹெட்போன்களையும் மார்பருகே வைக்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. இடைவெளி போதும். மைக்ரோவேவ் அடுப்பால் ஆபத்து இல்லை. பாதுகாப்புச் சோதனை வாயிலில் கருவிக்கான அடையாள அட்டையைக் காட்டிவிட்டு இயல்பாக நடந்து கடந்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்றைய கருவிகள் பலவற்றுடன் உரிய ஏற்பாடுகள் செய்து எடுக்க முடியும். வெல்டிங் வேலை செய்பவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் தங்கள் மருத்துவரிடம் தனியாகப் பேசிய பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும்.

கேட்கப்படாத கேள்விகள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. பேஸ்மேக்கர் மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்குத் துணை நிற்கிறது. அது வேலை செய்வதே பெரும்பாலும் தெரியாது. ஐ.சி.டி. அப்படி அல்ல. உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு வந்தால் மின் அதிர்ச்சி கொடுத்து அதை நிறுத்தும். மார்பில் யாரோ ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு வாழ்க்கை மெல்லச் சுருங்கத் தொடங்கும். மாடிப்படியில் ஷாக் வந்தவர் மாடி ஏறுவதை நிறுத்துவார். பிறகு நடைப்பயிற்சி நிற்கும். பிறகு குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளிப்பார், அதற்கும் பிறகு தனியாக இருக்கவே மறுப்பார். பரிசோதனை அறையில் கேட்டால் "எல்லாம் சரிதான் டாக்டர்" என்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி தரையைப் பார்ப்பார். இரவெல்லாம் கணவரின் மூச்சைக் கவனித்துக்கொண்டு விழித்திருப்பவர் அவர்.

இந்த நேரத்தில் வெறும் ஆறுதல் வார்த்தை உதவாது. கருவியில் பதிவான வரைபடத்தைத் திரையில் காட்டுகிறேன். இங்கே துடிப்பு தறிகெட்டது, இங்கே கருவி கண்டுகொண்டது, இங்கே துடிப்பு சீரானது என்று விரல் வைத்துச் சொல்கிறேன். ஷாக் வந்தது துடிப்பினால். அது நிகழ்ந்த இடம் ஆபத்தான இடம் ஆகிவிடாது என்பது அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது பிடிபடுகிறது. தேவையின்றி ஷாக் வந்திருந்தால் அதுவும் பதிவில் தெரியும். அமைப்புகளை மாற்றவோ மருந்தைச் சரிசெய்யவோ முடியும். சிலர் நள்ளிரவில் ஷாக் வாங்கியதாக அலறி எழுவார்கள், பதிவில் ஒன்றும் இருக்காது. அவர்கள் பொய் சொல்லவில்லை. உடல் அந்த அதிர்ச்சியை மறக்காமல் வைத்திருக்கிறது.

ஐ.சி.டி. பொருத்தியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறது. இதை மனப்பலவீனம் என்று ஒதுக்குவது அநியாயம். மனநல ஆலோசனைக்கும், கண்காணிப்புடன் செய்யும் உடற்பயிற்சிக்கும் நல்ல பலன் உண்டு. பேட்டரியைப் பரிசோதிப்பதுபோல் தூக்கத்தையும் பயத்தையும் பற்றி ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மார்பில் புடைத்துத் தெரியும் மேட்டைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஓர் இளம்பெண் சொன்னால் அதுவும் மருத்துவப் பிரச்சினைதான். கருவியைத் தசைக்கு அடியில் வைக்க முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேட்கலாம்.

நம்பிக்கை வேண்டுவோருக்கு ஆர்னே லார்சனைப் பற்றிச் சொல்வேன். 1958இல் ஸ்டாக்ஹோமில் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட முதல் மனிதர். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. அடுத்தடுத்து 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அதை வடிவமைத்த பொறியாளருக்கும் பொருத்திய அறுவை மருத்துவருக்கும் பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் காலமானார். காரணம் இதயம் அல்ல, புற்றுநோய்.

குடும்பத்தினர் தெரிந்திருக்க வேண்டியது: ஒரு ஷாக் வந்து, ஆள் நன்றாக இருந்தால், அன்றே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் போதும். அடுத்தடுத்து வந்தாலோ, ஒரு ஷாக்குடன் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் இருந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஷாக் வரும் நேரத்தில் அவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் லேசாகச் சுரீர் என்று இருக்கலாம், தீங்கு இல்லை. நினைவிழந்து மூச்சு நின்றுவிட்டால், கருவி இருக்கிறதே என்று தயங்காமல் நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்குங்கள்.

"கடைசிக் காலத்தில் இது என்னைச் சாகவிடாமல் இழுத்தடிக்குமா?" என்று முதியவர்கள் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. இழுத்தடிக்காது. உடல் ஓயும்போது பேஸ்மேக்கரின் தூண்டலுக்கு இதயம் பதில் தருவதில்லை. ஐ.சி.டி.யின் ஷாக் செயல்பாட்டை மட்டும் நோயாளி விரும்பினால் நிறுத்திவைக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை, கணினி வழியாகவே செய்துவிடலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே குடும்பத்தை அருகில் வைத்துக்கொண்டு இதை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். உடலைத் தகனம் செய்வதாக இருந்தால் கருவியை முன்பே அகற்ற வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள்.