பவுலிங்: உருட்டா, வீச்சா?

துபாய்ல ஒரு மால்ல வேலை பார்க்குற மச்சான் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பிருந்தான். வழவழன்னு நீளமா ஒரு பலகைத் தரை, அந்தக் கடைசில வெள்ளையா பத்து கட்டை நிக்குது, ஒருத்தன் பெரிய குண்டு ஒண்ண உருட்டி விடுறான், பின்னாடி ஒரு கூட்டமே வாயப் பொளந்துட்டு பார்க்குது. கீழக்கரை டீக்கடைல உக்காந்து அத நாங்க பார்த்துட்டு இருக்கும்போது பக்கத்துல இருந்த பெரியப்பா எட்டிப் பார்த்து "என்னடா இது"ன்னார். "பவுலிங் பெரியப்பா"ன்னேன். "அப்ப பேட்டு புடிக்கிறவன் எங்க?"ன்னார்.

கடைல எல்லாரும் சிரிச்சோம், ஆனா கேள்வி நியாயமான கேள்வி. நமக்கு பவுலிங்னா கிரிக்கெட்டு மட்டும்தான். 2022 காமன்வெல்த் போட்டில இந்தியப் பெண்கள் நாலு பேர் சேந்து லான் பவுல்ஸ்ல, அதாவது புல்தரைல குண்டு உருட்டுற ஆட்டத்துல, தங்கம் வாங்குனப்பவும் இதே குழப்பம்தான், கிரிக்கெட்லயா ஜெயிச்சாங்கன்னு என்கிட்டயே ரெண்டு பேர் கேட்டான்.

சரி சொல்லுக்கு வருவோம். பவுல்ங்கற இங்கிலீஷ் வார்த்தை பழைய பிரெஞ்சு பூல்ல இருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் உருண்டை. பிரெஞ்சுக்கு அது லத்தீன் புல்லால இருந்து போயிருக்கு, அங்க நீர்க்குமிழிக்குப் பேரு புல்லா. ஆக குமிழி உருண்டையாகி, உருண்டை உருட்டுறதாகி, உருட்டுறது விளையாட்டுக்குப் பேராயிடுச்சு. சூப் குடிக்கிற கிண்ணத்தையும் பவுல்னுதான சொல்றோம், அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல, கிண்ணம் பழைய இங்கிலீஷ்லயே இருந்த தனிச் சொல்லு, எழுத்து மட்டும் ஒண்ணா வந்து நின்னுருச்சு. இன்னொண்ணு, வெள்ளைக்காரன் வாய்ல இது போலிங்தான், ஓ டபிள்யூன்னு எழுத்தப் பார்த்து நாமதான் பவுலிங் ஆக்கிட்டோம். நல்லதாப் போச்சுன்னுதான் சொல்லுவேன், சரியா சொல்றேன்னு போலிங்னு எழுதுனா நம்ம ஊர்ல ஓட்டுப் போடுற பூத்தைத் தேடிப் போயிருவான்.

அப்ப பவுலிங்னா அசல்ல உருட்டுறது. கிரிக்கெட்லயும் ஆரம்பத்துல தரையோட தரையா உருட்டித்தான் விட்டாங்க, பேரும் அதனாலதான் ஒட்டிக்கிச்சு. அப்புறம் குத்தி எழும்புற பந்து வந்துச்சு, 1835ல தோள் உயரம் வரைக்கும் கைய தூக்கிக்கலாம்னாங்க, 1864ல தலைக்கு மேல சுத்திப் போடுறதும் சட்டமாச்சு. ஆட்டம் எங்கயோ போயிருச்சு, பேரு மட்டும் உருட்டுலயே நின்னுருச்சு. இதுல பெரிய வேடிக்கை 1981 பிப்ரவரி 1ஆம் தேதி மெல்போர்ன்ல நடந்தது. நியூசிலாந்து சமன் பண்ணக் கடைசிப் பந்துல 6 வேணும், ஆஸ்திரேலியா கேப்டன் கிரெக் சேப்பல் தன் தம்பி ட்ரெவர கூப்பிட்டு தரையோட உருட்டி விடச் சொல்லிட்டார், அவரும் உருட்டிட்டார், எதிர்ல நின்ன மெக்கெக்னி அதத் தடுத்துட்டு கடுப்புல பேட்டத் தூக்கி எறிஞ்சார். அப்ப அது விதிப்படி செல்லும், இருந்தும் உலகமே காறித் துப்புச்சு. சொல்லோட அர்த்தப்படி பார்த்தா அன்னைக்கு ஒழுங்கா "பவுலிங்" பண்ணுனது அந்த ட்ரெவர் ஒருத்தர்தான்!

இப்ப தமிழுக்கு வாங்க. பந்துவீச்சுன்னு யாரு வச்சாங்களோ தெரியாது, வச்ச மகராசன் இங்கிலீஷ விட நல்லாவே வச்சிருக்கார். வீசுறது வேற எறியிறது வேற, கடற்கரைக்காரனுக்கு இத சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. தேவிபட்டினம் பக்கம் காலைல முட்டியளவு தண்ணில வீச்சுவலை போடுற ஆளப் பாருங்க. வலைல பாதியத் தோள்ல போட்டு, மீதிய கைல மடிச்சு, ஈயக்குண்டு வச்ச ஓரத்த லேசா பல்லுல கடிச்சுக்கிட்டு, இடுப்ப ஒரு திருப்பு திருப்பி விட்டார்னா வலை வட்டமா விரிஞ்சு பொத்துன்னு விழும். கை மட்டும் அங்க வேலை செய்யல, மொத்த உடம்பும் சேந்து சுத்துது. அதுதான் வீச்சு. காத்து வீசுது, அரிவாள் வீசுறான், கைய வீசி நடக்குறான், எல்லாத்துலயும் ஒரு வளைவு இருக்கும் பாருங்க. எறியிறதுன்னா முழங்கைய மடக்கி வெடுக்குனு நீட்டுறது, கல்லத்தான் எறிவோம். கிரிக்கெட் சட்டமும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது, முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிந்தா அது வீச்சு இல்ல, எறி. 1995 டிசம்பர் 26ல அதே மெல்போர்ன்ல முரளிதரன் எறியிறார்னு நோபால் மேல நோபால் குடுத்தாங்க, அப்புறம் சோதனையெல்லாம் பண்ணி, விதியும் மாறி, மனுசன் 800 டெஸ்ட் விக்கெட்டோட போனார். எங்க கடற்கரை மணல்ல இதுக்கு அம்பயரும் வேணாம் டிகிரியும் வேணாம், "டேய் மாங்கா அடிக்காதடா"ன்னு ஒரு குரல் வரும், முடிஞ்சுது. மரத்துல மாங்காய்க்குக் கல்லு எறியிற கை.

அப்ப மச்சான் அனுப்புன விளையாட்டுக்கு பந்துவீச்சுன்னு எழுதக் கூடாது. அது உருட்டு. ஆனா உருட்டுன்னா இன்னைக்குப் பசங்க மத்தில புளுகுறதுன்னு ஆயிருச்சு, "உருட்டு உருட்டு"ன்னு கலாய்ப்பான். அதனால என் ஓட்டு "பத்துக்கட்டை உருட்டு"க்கு, ஆட்டத்துல என்ன நடக்குதுன்னு பேர்லயே இருக்கு.

பெரியப்பா விடல, "இத உக்காந்து வேற பார்க்குறானுகளா"ன்னார். நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். நுங்கு தின்னு போட்ட பனங்காய உருட்டி கொட்டாங்குச்சிய தட்டி விட்ட ஆளுங்க நாம, இதுல பார்க்க என்ன இருக்குன்னு. விஷயம் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கு. கோட்டுல இருந்து மொதக் கட்டைக்கு 60 அடி, அதுல மொத 40 அடி வாக்குல எண்ணெய் தடவி வச்சிருப்பான். டிவில பார்த்தா வெறும் பளபளப்புதான். எண்ணெய்ல குண்டு வழுக்கிக்கிட்டே ஓரத்துக்குப் போகும், போச்சு பள்ளத்துல விழுந்துச்சுன்னு நெனைப்போம், எண்ணெய் முடிஞ்சு காஞ்ச பலகைய தொட்டதும் கவ்விப் புடிச்சு சரக்குன்னு உள்ள திரும்பும். கைய விட்டதுல இருந்து கட்டைல மோதுற வரைக்கும் ரெண்டு ரெண்டரை செகண்டு ஆகும். கிரிக்கெட்ல 140 வேகத்துல வர்ற பந்து அரை செகண்டுல முடிஞ்சு போகும், என்ன நடந்துச்சுன்னு ரீப்ளேல பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவோம். இங்க திரும்புறத நேராவே பார்க்கலாம், போட்டவன் ஒண்ணும் பண்ண முடியாம நம்மள மாதிரியே நின்னு பார்த்துட்டு இருப்பான், சும்மா ஒடம்ப மட்டும் ஒரு பக்கமா சாய்ப்பான் பாருங்க, என்னமோ குண்டு அதக் கேட்டுட்டு திரும்புற மாதிரி. இன்னொரு அழகு, வலது கைக்காரன் சரியா போட்டா குண்டு தொடுறது நாலே நாலு கட்டையத்தான், மிச்ச ஆறும் கேரம் காயின் மாதிரி ஒண்ண ஒண்ணு தள்ளி விழும். இப்படி 12 தடவ தொடர்ந்து மொத்தமா விழுந்தா 300, அதுக்கு மேல மார்க்கே கிடையாது.

ரெண்டாவது வீடியோவும் ஓடுச்சு. அதுல எட்டு கட்டை விழுந்துட்டு பின்வரிசைல இந்த ஓரத்துல ஒண்ணு அந்த ஓரத்துல ஒண்ணு நின்னுருச்சு. ஒரே குண்டுல அந்த ரெண்டையும் சாய்க்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அமெரிக்காவுல டிவில காட்டுன தொழில்முறைப் போட்டிகள்ல 1980ல மார்க் ராத் மொத தடவ சாய்ச்சார், 1991ல ரெண்டு பேர், அப்புறம் முப்பது வருஷம் யாருமே இல்ல, 2021ல அந்தோணி நோயர்னு 18 வயசுப் பையன் சாய்ச்சான். இதுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு நான் மண்டைய ஒடச்சுட்டு இருக்க, பெரியப்பா டீ கிளாஸ கீழ வச்சுட்டு போனப் பார்த்துக்கிட்டே சொன்னார், "கிழவிப்பல்லுடா அது."

மச்சானுக்கு அப்படியே அனுப்பிட்டேன்.