சொல் விளக்கம்: தீர்வு கண்ட ஆட்டம்

‘செஸ்ஸைக் கம்ப்யூட்டர் சால்வ் பண்ணிவிட்டதாமே?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்க நினைப்பது வேறு: கம்ப்யூட்டர் மனிதரை மிஞ்சிவிட்டதா என்பது. அது பழைய கதை. 1997இல் டீப் புளூ என்ற இயந்திரம் அன்றைய உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை ஒரு தொடரில் தோற்கடித்தது. இன்று கைபேசியில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலிடம் எந்த கிராண்ட்மாஸ்டரும் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஆனால் ஆட்டக் கோட்பாட்டில் ‘சால்வ்’ என்றால் நிரூபிப்பது என்று பொருள். இரு தரப்பும் ஒரு பிழைகூட இல்லாமல் ஆடினால் வெள்ளைக்கு வெற்றியா, கறுப்புக்கு வெற்றியா, டிராவா? இதற்குச் சந்தேகமே இல்லாத விடை கிடைத்தால்தான் அந்த ஆட்டம் ‘சால்வ்டு கேம்’. ஸ்டாக்ஃபிஷ் தருவது மிக நல்ல மதிப்பீடு. மதிப்பீடு நிரூபணம் ஆகாது.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீனின் ‘சொல்வெரே’. கட்டை அவிழ்ப்பது, தளர்த்துவது என்று பொருள். கூடவே வரும் ‘அனாலிசிஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்தது; அதன் உள்ளே இருப்பதும் அவிழ்ப்பதுதான். ஆக, அனாலிசிஸ் செய்து சால்வ் பண்ணுவது என்றால் அவிழ்த்து அவிழ்ப்பது!

தமிழிலும் இந்தக் கற்பனை உண்டு. ‘விடை’ என்ற சொல் ‘விடு’ என்பதிலிருந்து பிறந்தது. விடுகதை போடுகிறோம், புதிரை விடுவிக்கிறோம், கதையின் முடிச்சை அவிழ்க்கிறோம். கணக்குப் பாடத்துக்கு மட்டும் நாம் எடுத்துக்கொண்டது ‘தீர்’. சமன்பாட்டுக்குத் தீர்வு காண்கிறோம். தீர் என்றால் முடிவுக்கு வருவது: நோய் தீரும், கடன் தீரும், அரிசியும் தீரும். வழக்கை முடித்துவைப்பது தீர்ப்பு. ‘சால்வ்டு’ என்பதற்கு இது அவிழ்ப்பதைவிடப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் இங்கே நடப்பது ஒருவகைத் தீர்ப்புதான். ஆனால் ‘தீர்ந்த ஆட்டம்’ என்று எழுதினால் ஆடி முடித்த ஆட்டம் என்று படிப்பார்கள். ‘தீர்க்கப்பட்ட ஆட்டம்’ சரிதான், கொஞ்சம் அலுவலகக் கடித வாசனை அடிக்கிறது. ‘தீர்வு கண்ட ஆட்டம்’ என்பதே என் தேர்வு.

அப்புறம், தீர்வு கண்டதிலும் மூன்று தரம் உண்டு. விக்டர் அலிஸ் 1994இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இவற்றை வரையறுத்தார். ஆங்கிலத்தில் ‘அல்ட்ரா வீக்’, ‘வீக்’, ‘ஸ்ட்ராங்’. இதை அப்படியே ‘பலவீனமான தீர்வு’ என்று பெயர்த்தால், பின்னால் வரும் செக்கர்ஸ் ஆட்டத்துக்குச் செலவான பதினெட்டு ஆண்டு உழைப்பை இளக்காரம் செய்தது போலாகிவிடும். முடிவுத் தீர்வு, வழித் தீர்வு, முழுத் தீர்வு என்று சொல்லிப் பார்க்கலாம்.

முடிவு மட்டும் தெரிந்து வழி தெரியாதது முடிவுத் தீர்வு. ஹெக்ஸ் என்பது அறுகோணக் கட்டங்களில் மாறி மாறிக் காய் வைத்து, பலகையின் தம் இரு எதிர்க்கரைகளை இணைக்கப் பார்க்கும் ஆட்டம். அதில் முதலில் ஆடுபவருக்கே வெற்றி என்பதற்குக் கணித மேதை ஜான் நாஷ் தந்த வாதம் அழகானது. அதில் டிரா கிடையாது. இரண்டாமவரிடம் வெல்லும் வழி ஒன்று இருந்தால், முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு அதே வழியைத் திருடிக்கொள்ளலாம். கூடுதல் காய் ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆக, இரண்டாமவரிடம் அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது. ஆனால் பெரிய பலகையில் எப்படி வெல்வது என்று இது சொல்லாது. சதுரங்கத்தில் இந்தத் திருட்டு செல்லாது. நகர்த்தாமல் இருந்தால் பிழைக்கலாம், நகர்த்தினால் தொலைந்தோம் என்ற இக்கட்டு அங்கே அடிக்கடி வரும். 1913இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற கணிதவியலாளர் சதுரங்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டத்துக்கு மேலே சொன்ன மூன்று முடிவுகளில் ஏதோ ஒன்று உண்டு என்ற தேற்றம் அவர் பெயரால் வழங்குகிறது. எது என்று இன்றுவரை நிரூபணம் இல்லை. டிரா என்றுதான் பெரும்பாலான வல்லுநர்கள் நம்புகிறார்கள். நானும் அந்தக் கட்சி.

தொடக்க நிலையிலிருந்து அந்த முடிவை எட்டும் வழியையும் கையில் கொடுப்பது வழித் தீர்வு. ஜொனாதன் ஷேஃபரின் குழு 1989இல் தொடங்கி 2007இல் செக்கர்ஸ் ஆட்டத்துக்கு இதைச் சாதித்தது. முடிவு டிரா. செக்கர்ஸில் வரக்கூடிய நிலைகள் 5க்குப் பின்னால் 20 சுழியங்கள். அத்தனையையும் பார்க்கவில்லை, எதிராளி எதை ஆடினாலும் பதில் இருந்தால் போதும் என்பதால் பெரும்பகுதியைத் தாண்டிவிட முடிந்தது.

எந்த நிலையைக் கொடுத்தாலும் விடை சொல்வது முழுத் தீர்வு. சதுரங்கத்துக்கு இது வேண்டுமென்றால் எவ்வளவு வேலை? இங்கே பலரும் கிளாட் ஷானன் 1950இல் கணித்த 10இன் 120ஆம் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது ஆடக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. வெவ்வேறு ஆட்டங்கள் ஒரே நிலைக்கு வந்து சேரும் என்பதால் நமக்கு வேண்டியது நிலைகளின் எண்ணிக்கை. ஜான் டிராம்ப் கணிப்பின்படி அது சுமார் 4.8 பெருக்கல் 10இன் 44ஆம் அடுக்கு. எவ்வளவோ சிறியது, ஆனாலும் ஆறுதல் இல்லை. நொடிக்கு 10இன் 18ஆம் அடுக்கு நிலைகளைப் பார்க்கும் இயந்திரம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். வேலை முடிய, பிரபஞ்சத்தின் இதுவரையான வயதைப்போல் சுமார் நூறு கோடி மடங்கு காலம் ஆகும்.

எனவே பின்னாலிருந்து தொடங்கினார்கள். மேட் ஆன நிலையிலிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கிப் போய், காய்கள் குறைந்த நிலைகளுக்கு விடையை எழுதிவைத்தார்கள். இந்த இறுதியாட்ட அட்டவணைகள் இப்போது ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரை முழுமையாக இருக்கின்றன. சிசிஜி என்ற அட்டவணையில் 6 காய் வரை சுமார் 150 கிகாபைட். 7 காய் மட்டுமே 17 டெராபைட்டை ஒட்டி வருகிறது. ஒரே ஒரு காய் கூடியதற்கு நூறு மடங்குக்கு மேல். பலகையில் தொடங்குவதோ 32 காய்கள்.

அட்டவணை சொன்ன சில விடைகள் பழைய பாடங்களைப் புரட்டிப் போட்டன. இரண்டு மந்திரிகள் (பிஷப்), எதிரே ஒற்றைக் குதிரை: குதிரைக்காரர் சரியான இடத்தில் நின்றால் டிரா என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பிவந்தார்கள். 1983இல் கென் தாம்ப்சனின் கணினி, மந்திரிகளுக்கே பொதுவாக வெற்றி என்று காட்டியது, ஆனால் அதற்கு 66 நகர்வுகள் வரை ஆகலாம். போட்டி விதியோ, சிப்பாய் நகராமல், காய் வெட்டப்படாமல் 50 நகர்வுகள் போனால் டிரா கேட்கலாம் என்கிறது. சில நிலைகளுக்கு மட்டும் இந்த வரம்பைக் கொஞ்ச காலம் தளர்த்திப் பார்த்து, பிறகு பழையபடி 50க்கே திரும்பினார்கள். 7 காய் அட்டவணையிலோ மேட் போட 549 நகர்வு தேவைப்படும் நிலைகூட இருக்கிறது.

ஆகவே, சதுரங்கத்துக்குத் தீர்வு கண்டாயிற்றா என்று யாராவது கேட்டால், எந்தத் தரத் தீர்வு என்பதோடு, 50 நகர்வு விதியோடா அது இல்லாமலா என்றும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று கட்டாயம் இல்லை.