ஆர்.டி. 350 சிலிண்டர் உட்காரவில்லையா? நட்டை இறுக்காதீர்கள்

யமஹாவின் வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1980களில் ஃபரிதாபாத்தில் தயாரித்த இரட்டைச் சிலிண்டர் பைக்கான ராஜ்தூத் 350-ஐ (ஆர்.டி. 350) இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். டேங்க் பெயின்டிங்குக்கும் குரோமுக்கும் தாராளமாகச் செலவு செய்பவர்கள், எஞ்சின் மூடும் நாளில் மட்டும் அவசரப்படுகிறார்கள். அப்புறம் பட்டறைக்கு வந்து சொல்வது பெரும்பாலும் இதுதான்: "புது பிஸ்டன், புது போர். ஆனா ஒரு பக்கம் மட்டும் சீஸ் ஆகுது."

போர் என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து சரிசெய்வது; சீஸ் என்றால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடுவது. ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆயில், பெட்ரோல் மீது உடனே பழி போடாதீர்கள். முதலில் அந்தப் பக்கச் சிலிண்டரும் ஹெட்டும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்த எஞ்சினில் அடிப்பெட்டியான கிராங்க் கேஸிலிருந்து எழும் நீள ஸ்டட்கள் (மரையுள்ள கம்பிகள்) சிலிண்டரையும் ஹெட்டையும் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. ஹெட் நட்டை இறுக்கினால் இரண்டும் சேர்ந்தே இறுகும். கையால் அழுத்தி உட்காராத சிலிண்டரையும் நட் இழுத்து உட்காரவைத்துவிடும். வெளியே பார்க்க எல்லாம் சரி. உள்ளே சிலிண்டர் கோணலாக நிற்கும், அல்லது அடிக் கேஸ்கெட்டில் ஒரு ஓரமாகக் காற்று இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள் கூடுதல் காற்று புகுந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும், பிஸ்டன் சூடேறும், சீஸ் ஆகும்.

அதனால் பிஸ்டன் இல்லாமல், கேஸ்கெட் இல்லாமல் வெறும் சிலிண்டரை ஒருமுறை ஸ்டட்டில் இறக்கிப் பாருங்கள். தன் எடையிலேயே கீழே வர வேண்டும். பாதியில் நின்றால் ஸ்டட் வளைந்திருக்கும், அல்லது துளையில் துரு இருக்கும். கீழே வந்த பிறகு சுற்றிலும் மெல்லிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் நுழைகிறதா? அந்த மூலை ஸ்டட்டின் அடியைக் கவனியுங்கள். முன்னால் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதில் அலுமினிய மரை மேலே இழுபட்டு, துளையைச் சுற்றி விளிம்பு மாதிரி எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். ஸ்டட்டைக் கழற்றி, அந்த விளிம்பைச் சீவி, மரை தளர்ந்திருந்தால் ஹெலிகாயில் (புது மரைச் சுருள்) போட்டுவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் அடிக் கேஸ்கெட்டை முதலில் கிராங்க் கேஸ் மீது வைத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட் (கலவை சிலிண்டருக்குள் ஏறும் வழி) வாயை மறைக்கும் கேஸ்கெட்டுகள் நிறைய விற்கின்றன.

பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம், அதாவது முன்பக்கம், பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் சின்ன பின் இருக்கும். ரிங்கின் இரண்டு முனைகளும் அந்தப் பின்னில் வந்து சேர வேண்டும். சிலிண்டரை இறக்கும்போது இடது வலதாகத் திருகவே கூடாது. திருகினால் ரிங் முனை போர்ட்டுக்குள் எட்டிப் பார்க்கும், அங்கேயே ஒடியும். பாதியில் பிடித்தால் தட்டாமல் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இரட்டைச் சிலிண்டருக்கே உரிய தொல்லை. 180 டிகிரி கிராங்க் என்பதால் ஒரு பிஸ்டன் மேலே போனால் மற்றது கீழே. முதல் சிலிண்டரை மாட்டிவிட்டு இரண்டாவதற்காகக் கிராங்கைச் சுற்றும்போது, மாட்டிய சிலிண்டரை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அது பிஸ்டனோடு மேலே ஏறி, அடிக் கேஸ்கெட் நகர்ந்துவிடும்.

போர் வேலைக்கு இரண்டு பிஸ்டனையும் லேத்துக்கே கொடுத்து, எந்தப் பிஸ்டன் எந்தப் பக்கம் என்று குறித்து வாங்குங்கள். ஒரே பெட்டியில் வந்த பிஸ்டன்களிலும் அளவு சிறிது மாறும். 30.5 குதிரைத்திறன், 27 குதிரைத்திறன் என்று இரண்டு வகை ஆர்.டி. இங்கே விற்றன. எதிலிருந்து கழற்றியது என்று தெரியாத ஒற்றைச் சிலிண்டரை வாங்கினால், மேல்விளிம்பிலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட் வரையுள்ள தூரத்தை இரண்டிலும் அளந்து ஒப்பிடாமல் மாட்டாதீர்கள்.

ஹெட்டுக்கு வருவோம். பழைய ஹெட்களை யாராவது சீவியிருப்பார்கள், அதுவும் ஒன்றை மட்டும். பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் (கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) ஓடும் கோட்டில் இரண்டு ஓரமும் ஈயக் கம்பியை கிரீஸில் ஒட்டி, ஹெட்டை முழுசாக இறுக்கி, கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய கம்பியை அளந்தால் இடைவெளி தெரியும். 1 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் நான் அந்த ஹெட்டை மாட்ட மாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தால் கார்புரேட்டரில் எவ்வளவு டியூன் செய்தாலும் வண்டி ஒரு சீராக ஓடாது. போர் பெரிதானவர்கள் ஹெட் கேஸ்கெட்டின் உள்விட்டத்தையும் பாருங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு பழுத்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைக் கொளுத்தும்.

நட்டை எதிரெதிர் மூலையாக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். பிறகு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். இடது பக்கம் அடியில் நுரை இல்லாமலே அழுத்தம் இறங்கினால் கிராங்கின் இடது முனையிலுள்ள மேக்னட் பக்க ஆயில் சீலைத் திறந்து பாருங்கள். வலது சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளையாகப் புகை தள்ளும்.

முதல்முறை சூடாகி முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டை மறுபடி டார்க் பாருங்கள். சூட்டோடு தொடாதீர்கள்.