ஏத்தன் குலையை விளைய விடுங்கள்

ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு விளைக்கு, அதாவது வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். வெட்டிய ஏத்தன் (நேந்திரன் வாழை) குலைகள், அதாவது தார்கள் நாற்பது, தென்னை நிழலில் கிடந்தன. வியாபாரி பார்த்துவிட்டு, காய் விளையவில்லை என்று ஏற்றாமலே போய்விட்டாராம். "பழுக்க வச்சா வெளஞ்சிரும் சாரே, அந்த ஆளுக்கு என்ன தெரியும்?" என்றார் விவசாயி. இந்த வருடம் மட்டும் இதே பேச்சை ஐந்து விளைகளில் கேட்டுவிட்டேன்.

விளைவது வேறு, பழுப்பது வேறு. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது. இலையில் உண்டாகும் சத்து தண்டு வழியாக இறங்கி, காய்க்குள் மாவாகச் சேருவதுதான் விளைச்சல். வெட்டுகத்தி விழுந்ததும் அந்த வரத்து நின்றுவிடும். அப்புறம் நடப்பதெல்லாம் இருக்கிற மாவு சர்க்கரையாக மாறுவது மட்டும்தான். இல்லாத மாவு எங்கிருந்து வரும்? புகை போட்டாலும் எடை ஏறாது. ஈரம் வற்றி இன்னும் குறையத்தான் செய்யும்.

அந்தக் குவியலில் ஒரு காயை ஒடித்துக் காட்டினேன். பக்க விளிம்புகள் கூராக நின்றன. நுனியில் காய்ந்த பூமுனை பிடுங்கினாலும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டாமல் நின்ற மூத்த குலை ஒன்றில் அதே முனையைப் பெருவிரலால் தள்ளினேன். தூளாக உதிர்ந்தது. அந்தக் காய் உருண்டு திரண்டிருந்தது. அவர் இரண்டையும் கையில் வாங்கி மாறி மாறிப் பார்த்தார்.

சிப்ஸ் போடுகிறவர்களிடம் கேளுங்கள். இளங்காய்ச் சீவல் எண்ணெயைக் குடிக்கும், சுருங்கும், மொறுமொறுப்பு வராது. பழுக்க வைத்தால் தோல் வதங்கிக் கறுக்கும், நடுவில் கட்டி நிற்கும், துவர்ப்பு போகாது. இந்த இடத்தில்தான் சிலர், சீக்கிரம் பழுக்க வைக்கக் கார்பைடு கல்லைத் தேடுகிறார்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். தயவுசெய்து அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. ஆனால் அதுவும் விளைந்த காயைத்தான் பழமாக்கும்.

ஏத்தன் குலை தள்ளியதிலிருந்து (குலை வெளியே வந்ததிலிருந்து) விளைய 80 முதல் 90 நாள் வேண்டும். வெளியூருக்கு முக்கால் விளைச்சலில் வெட்டலாமே என்பார்கள். வெளியூர் என்றால் நாள்கணக்கில் போகும் லோடு. திருவனந்தபுரம் நமக்கு வெளியூரா? அதே நேரம், விலை ஏறட்டும் என்று அளவுக்கு மீறி நிறுத்தினால் தோல் வெடிக்கும், மரத்திலேயே பழுக்கும். அந்தக் குலை வண்டியில் தாங்காது.

உண்மையில் தவறு நடுகிற அன்றே தொடங்கிவிடுகிறது. திருவோணம் 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. இந்த மூன்று வருடத்தில் பண்டிகை பத்துப் பத்து நாளாக முன்னே வருகிறது, நாமோ வழக்கமான நாளில்தான் கன்று வைக்கிறோம். ஏத்தனுக்கு நட்டதிலிருந்து பத்து மாதமாவது வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணி நடுங்கள். குலை தள்ளியதும், நாள் கணக்கு தெரிய முட்டுக்கம்பில் துணி கட்டுங்கள், வாரத்துக்கு ஒரு நிறம். கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துவிடுங்கள். இலைக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று குலை நிற்கும் வாழையில் இலை அறுக்காதீர்கள், காய்க்குச் சோறு போடுவதே அந்த இலைதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டி வாழைக்கும் நாள்கணக்கு மாறுமே தவிர, இளசாக வெட்டினால் கதி இதுதான்.

அவர் விளையில் இன்னும் அறுபது குலை நின்றது. "பதினைந்து நாள் பொறுங்க அண்ணே, ஓணம் போனாலும் போகட்டும்" என்று கெஞ்சிக் கேட்டுவிட்டு வந்தேன். உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். வண்டி வாசலில் நிற்கிறது என்பதற்காகக் கத்தியை எடுக்காதீர்கள். பூமுனையைப் பெருவிரலால் தள்ளிப் பாருங்கள். உதிரவில்லை என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.