ஆன்லைன் கேம் வெளியான மூன்றாவது வாரம்

கேம் வெளியான முதல் வாரத்தில் எனக்கு யாரும் போன் செய்வதில்லை. அப்போது எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். மூன்றாவது வாரம்தான் அழைப்பு வரும். "அண்ணா, பாதிக்கு மேல ஆளக் காணோம். என்ன பண்றதுன்னே தெரியல." பேசுபவருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். காட்பாடிப் பக்கம் வாடகை வீட்டின் முன்னறையில் நாலு கணினியைப் போட்டு, ஒன்றரை வருஷம் சரியாகத் தூங்காமல் உழைத்து வெளியிட்டிருப்பார்.

வெளியான கேம்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. எங்கள் தொழிலில் லைவ் ஆப்ஸ் என்பார்கள். பத்து வருஷம் பெங்களூரில், இப்போது சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே. கேமை வெளியிடுவது கல்யாணம் என்றால் என் வேலை அதற்கப்புறம் வரும் குடித்தனம். கல்யாணத்துக்குச் செலவழிப்பதில் கால்வாசிகூடக் குடித்தனத்துக்கு யாரும் ஒதுக்குவதில்லை என்பது என் நிரந்தரப் புலம்பல்.

போன் செய்யும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, "குடியாத்தம் சிரசுக்குப் போயிருக்கியா?" வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு நாள் கழித்துப் போனால் அதே தெருவில் சைக்கிளைக் கையை விட்டு ஓட்டலாம். கூட்டம் குறைந்துவிட்டதே என்று யாரும் கோயிலைப் பூட்டிவிடுவதில்லை. புதுக் கேமுக்கு முதல் வாரம் வருபவர்களில் பெரும்பாலோர் சிரசு பார்க்க வந்தவர்கள்தான். பார்த்தார்கள், போனார்கள்.

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். தினமும் ஆயிரம் பேர் புதிதாக வருகிறார்கள் என்று வையுங்கள். அதில் மறுநாள் முந்நூறு பேர் திரும்புகிறார்கள், ஏழாம் நாள் நூறு பேர். விளம்பரம் ஓடும் வரைக்கும் அன்றாட எண்ணிக்கையில் அந்த ஆயிரம் புதியவர்களும் சேர்ந்தேதான் தெரிவார்கள். பத்தாம் நாள் விளம்பரப் பணம் தீர்ந்துவிடுகிறது. பதினோராம் நாள் வரைபடத்தில் ஆயிரம் பேர் காணாமல் போகிறார்கள். அதற்கடுத்த நாள், மறுநாள் திரும்பிக்கொண்டிருந்த முந்நூறு பேரும் இல்லை. கேமில் எதுவும் கெடவில்லை. பழைய ஆட்கள் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. வாசலில் புதிதாக வருவது நின்றது, அவ்வளவுதான். ஆனால் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு ஊரே காலி செய்துகொண்டு கிளம்பியது போலத் தெரியும்.

அதனால் மொத்த எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆட்களை வந்த தேதி வாரியாகப் பிரியுங்கள். ஒன்றாம் தேதி வந்தவர்களில் எத்தனை பேர் முப்பதாம் நாள் இருக்கிறார்கள், பத்தாம் தேதி வந்தவர்களில் எத்தனை பேர்? எங்காவது ஓரிடத்தில் கோடு சரிவதை நிறுத்திப் படுக்கிறதா? படுத்தால் கேமுக்கு உயிர் இருக்கிறது. பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான். 2024 ஜனவரியில் வந்த பால்வேர்ல்டை, ஸ்டீம் என்கிற கணினிக் கேம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 21 லட்சம் பேர் ஆடினார்கள். ஓரிரு வாரத்தில் பெரும் சரிவு. அதை உருவாக்கியவர்கள் பதறவில்லை. போய் வேறு கேம் ஆடிவிட்டு வாருங்கள், அதில் தப்பே இல்லை என்கிற மாதிரிதான் பேசினார்கள். பேச முடிந்தது. ஏனென்றால் பால்வேர்ல்டைத் தனியாளாகவும் ஆடலாம், நாலு நண்பர்களோடும் ஆடலாம். பக்கத்து வீட்டில் ஆள் இல்லாவிட்டால் உங்கள் ஆட்டத்துக்கு ஒன்றும் குறையாது.

அமேசானின் நியூ வேர்ல்டு அப்படியில்லை. 2021 செப்டம்பர் கடைசியில் வந்தது. உச்சத்தில் 9 லட்சம் பேர். உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசை. வரிசையைக் குறைக்க நிறைய சர்வர் திறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் உச்சத்தில் கால் பங்குகூட மிஞ்சவில்லை. போர், வியாபாரம் எல்லாமே ஆட்களை நம்பிய ஆட்டம் அது. சர்வர் தோறும் கொஞ்சம் கொஞ்சம் பேராகச் சிதறியதும் சந்தையில் பொருள் வாங்க ஆளில்லை, சண்டைக்குப் படை சேரவில்லை. அப்புறம் சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியதாயிற்று. ஆக, உங்கள் கேம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. கூட்டம் குறைந்தாலும் நடக்கும் ஆட்டமா, கூட்டமே ஆட்டமா?

இரண்டாவது வகை என்றால் ஒரு கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் கேம். ஒரே நேரத்தில் 600 பேர் இருக்கிறார்கள். சின்னக் குழுவுக்கு நல்ல எண்ணிக்கைதான். ஆனால் ஐந்து விதமான ஆட்டமுறை வைத்திருக்கிறீர்கள், மூன்று பகுதிகளில் சர்வர், திறமையைப் பொறுத்து நாலு படி. ஐந்தை மூன்றால் பெருக்கி நாலால் பெருக்கினால் 60 பெட்டிகள். 600 பேரைப் பிரித்தால் பெட்டிக்குப் பத்து பேர். ஒரு ஆட்டத்துக்கே பத்து பேர் வேண்டும்! அந்தப் பத்து பேரில் பாதி ஏற்கெனவே வேறு ஆட்டத்தின் நடுவில் இருப்பார்கள். ஆக, காத்திருக்கும் பையன் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் பார்ப்பான். மூன்றாவது நிமிஷம் ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவான். அவன் போனதால் அடுத்தவனின் காத்திருப்பு இன்னும் நீளும்.

நான் இதில் அடிபட்டவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கேமில் காத்திருப்பு நேரம் ஏறியபோது, ஜனங்களுக்குச் சலித்துவிட்டது போல என்று நினைத்து, புதிதாக ஒரு ஆட்டமுறையைச் சேர்க்கச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். மூன்று வாரம் ராப்பகலாக வேலை பார்த்துச் சேர்த்தார்கள். பெட்டிகள் கூடின, காத்திருப்பும் கூடியது. பிறகு வெட்கத்தை விட்டு இரண்டு ஆட்டமுறைகளை மூடினோம். திட்டிக் கடிதங்கள் வந்தன. ஆனால் அந்த வாரமே வட்டம் சுற்றுவது குறைந்தது. புதிதாக எதையும் கட்டாமல், இருந்ததை மூடியதில்தான் நிலைமை தேறியது.

இதுவரை சொன்னது வரைபடத்தில் தெரிவது. தெரியாதது ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது குடியாத்தத்தில் என் அக்கா வீட்டு வராண்டாவில்.

மே மாதம், அக்னி நட்சத்திரம், மதியம் மூன்று மணி. அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் நான் கொடுத்த கேமை ஆடினார்கள். நான் மோர் குடித்தபடி வேடிக்கை பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்தில் ஒருவனுடைய போன் திரை தானாக மங்கியது. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. "மாமா, இட்லித் தட்டு மாதிரி சுடுது" என்று லுங்கியில் சுற்றிப் பிடித்தான். ஈரத் துணி வைத்துப் பார்த்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். மற்ற மூவரோடு முகம் தெரியாத ஒருவனைக் கேம் சேர்த்துவிட்டது. அவன் பேசவே இல்லை. நேராகப் போய்ச் செத்தான். இன்னொரு ஆட்டம் முயன்றார்கள். அப்புறம், "டேய், ஃப்ரீ ஃபயருக்கே போயிடலாம்டா."

அன்று ராத்திரி அந்த நாலு பேரின் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். ஒருவன் பெயருக்கு எதிரே மட்டும் காரணம் இருந்தது: படம் திக்கியது. மற்ற மூன்று பேருக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல போன், நல்ல சிக்னல், ஜெயித்த ஆட்டங்கள். எங்கள் அறிக்கையில் இப்படிப்பட்டவர்களை எந்தக் கணக்கில் எழுதுவோம் தெரியுமா? "ஆர்வம் குறைந்தவர்கள்." ஆர்வத்தைக் கூட்டப் பரிசு, தள்ளுபடி, தினசரி போனஸ் என்று அவர்கள் பின்னால் ஓடுவோம். அவர்களுக்கு வேண்டியிருந்தது பரிசு இல்லை, நாலாவது ஆள்.

எங்கள் டெஸ்ட்டிங் நடந்தது பெங்களூரில் ஏசி அறையில். வேலூர் வெயில் மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது எங்கள் பட்டியலிலேயே இல்லை. போன் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையை மங்கவைக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் போன் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கேமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சூடானால் நிழல்களை அணைத்து, நொடிக்கு 60 படத்தை 30 ஆக்கிவிடலாம். பெரிய வேலை இல்லை.

சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. நம் பிள்ளைகள் பலரிடம் இருப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. எண்ணூறு எம்பியில் நீங்கள் அப்டேட் விட்டால் அன்றைய பொழுது போச்சு. போனில் இடம் இல்லையென்றால் முதலில் நீக்கப்படுவது கேம்தான். குடும்ப வாட்ஸ்அப்பின் காலை வணக்கப் படங்களை யாரும் தொட மாட்டார்கள். மார்ச், ஏப்ரலில் பரீட்சை. அந்த மாதத்தில் வெளியிட்டுவிட்டு ஆளில்லை என்று அழுவதில் நியாயமே இல்லை. சில சமயம் நம் கையை மீறியும் நடக்கும். பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜியின் இந்திய வடிவம், 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு மறு ஆண்டு மே மாதம்தான் திரும்பி வந்தது. அதற்கு எந்த லைவ் ஆப்ஸ் ஆளும் பொறுப்பில்லை.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது சரிவைப் பார்த்த பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளுக்குத்தான். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்று 2003-இல் வந்த கேம். போதிய ஆள் வரவில்லை என்று 2005 நவம்பரில் புதியவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டுமென ஆட்டத்தையே தலைகீழாக மாற்றினார்கள். வருஷக்கணக்கில் பாடுபட்டுத் தொழில் கற்று முன்னேறிய பழைய ஆட்கள் ஒரே நாளில் அந்நியர்களானார்கள். எதிர்பார்த்த புதியவர்கள் வரவில்லை, இருந்தவர்களும் கிளம்பினார்கள். 2011 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இதற்கு நேர் எதிராக, அமங் அஸ் 2018-இல் வந்தபோது சீந்துவாரில்லை. அதன் சின்னக் குழு இருந்த கொஞ்சம் பேருக்காகத் தொடர்ந்து வேலை பார்த்தது. 2020-இல் ஊரடங்கு வந்தது, உலகமே ஆடியது. எல்லாருக்கும் அப்படி அடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியபோது சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே தம்பிகளா, அடுத்த முறை போன் செய்யும்போது அந்தச் சரிந்த வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்ப வேண்டாம். வந்த தேதி வாரியான பட்டியல், சராசரிக் காத்திருப்பு நேரம், அப்புறம் யார் யாரோடு சேர்ந்து ஆடினார்கள் என்கிற பதிவு, இந்த மூன்றையும் அனுப்புங்கள். மே மாதமாக இருந்தால், அனுப்புவதற்கு முன் பத்தாயிரம் ரூபாய் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் நாலு ஆட்டம் ஆடிவிட்டு வாருங்கள். தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.